சேர்த்தோம் — காத்தோமா?

உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்திலே காலை வேளையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! தளியிலிருந்து ஒரு பஸ், குமரலிங்கத்திலிருந்து ஒரு பஸ், பெதப்பம்பட்டியிலிருந்து ஒரு பஸ் வந்து நிற்கும். தோளிலே பையோடு இளைஞர்கள் இறங்குவார்கள். ஒரு சாரார் எலையமுத்தூர் சாலைக்கு, அரசுக் கலைக் கல்லூரிக்குப் போகிறவர்கள். இன்னொரு சாரார் திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். இருவருக்கும் வயது ஒன்றுதான், ஊர் ஒன்றுதான். பையிலே இருப்பதுதான் வேறு. ஒருவனிடம் புத்தகம், மற்றவனிடம் சோற்றுப் போசி.

ஆனி, ஆடியிலே கல்லூரிப் பக்கம் போகிற கூட்டத்திலே கண்ட முகத்தை, மார்கழியிலே திருப்பூர் பஸ்ஸிலே காண்கிறோம். அப்படி ஒரு முகத்தை அண்மையிலே கண்டோம். நம் தோழர் ஒருவரின் மகன்.

“ஏன் தம்பி, காலேஜ் லீவா?” என்றோம்.

“இல்லீங்கண்ணா. நின்னுட்டனுங்க.”

“ஏனப்பா?”

“பரீட்சைப் பணம் கட்டோணும்னாங்க. ஸ்காலர்ஷிப் வந்தா கட்டிக்கலாம்னு இருந்தனுங்க. அது வரலீங்க. கம்பெனியில ஆளு வேணும்னாங்க, போயிட்டனுங்க.”

“எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது?”

“ரெண்டாயிரத்துச் சொச்சமுங்க.”

இரண்டாயிரத்துச் சொச்சம்! அவன் பாட்டன் பண்ணையத்திலே கிடந்தான். அப்பன் மில்லிலே கிடந்தான். அந்தக் குடும்பத்திலே கல்லூரி வாசலை மிதித்த முதல் கால், இரண்டாயிரத்துச் சொச்சத்திலே இடறி, பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்குத் திரும்பிவிட்டது. பனியன் கம்பெனி வேலை இழிவென்று நாம் கூறவில்லை. அந்த வேலை இந்த வட்டாரத்திலே ஆயிரமாயிரம் அடுப்புகளை எரிய வைக்கிறது. தேர்ந்தெடுத்துப் போனால் அது தொழில். இரண்டாயிரம் இல்லாமல் போனால் அதற்குப் பெயர் வேறு.

நமக்கு இந்த வலி புத்தகத்திலே படித்து வந்ததல்ல. நாமும் பிளஸ் டூவோடு நின்றவர்கள்தாம். இடம் கிடைத்து, அட்டை கிடைத்து, ஒரு கல்லூரியின் கட்டணச் சன்னல் வரை சென்று, “பணத்தோடு வா” என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள். அந்தச் சன்னலுக்குப் பின்னாலிருந்தவர் கெட்டவரல்ல. அவருக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை, அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’தான் இன்றைய பேச்சு.

தமிழ்நாடு செய்யவில்லையா? செய்தது. 2021–22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் புரட்டினால், இந்தியா முழுவதிலும் உயர்கல்வியிலே சேர்ந்தோர் விகிதம் 28.4, தமிழ்நாட்டிலே 47. நம்மைக் கேலி பேசிய பேர்வழிகளெல்லாம் அந்த எண்ணைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளிலே பட்டப்படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் தனியார் சுயநிதிக் கல்லூரியிலே படித்தாலும் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2012இல் 92ஆம் எண் அரசாணை வந்தது. குடும்பத்திலே முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக்கு உதவி என்று 2010இல் வந்தது. 2022 செப்டம்பர் 5ஆம் நாள், அரசுப் பள்ளியிலே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள், நம் கோவை அரசு கலைக் கல்லூரி வளாகத்திலேயே, பையன்களுக்கும் அதே 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது.

புதுமைப் பெண்ணின் பூர்வ கதையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் வந்தது திருமண உதவித் திட்டம். படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பணம். 2011க்குப் பின் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அதே அம்மையார் பெயரிலேயே 2022இல் அந்தப் பணம் கல்யாணப் பந்தலை விட்டுக் கல்லூரி வாசலுக்கு நடந்தது. தேவதாசி முறையை எதிர்த்துத் தன் ஆயுளைக் கொடுத்த அந்த அம்மையாருக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை உண்டோ? கழுத்திலே ஏறவேண்டிய தங்கம் கையிலே புத்தகமாயிற்று!

ஆனால் தோழர்களே, 47 என்பது ஏறியவர் கணக்கு. பஸ்ஸிலே எத்தனை பேர் ஏறினார்கள் என்று கண்டக்டர் சொல்லுகிறார். நடுவழியிலே எத்தனை பேர் இறங்கிவிட்டார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. பிளஸ் டூ முடித்தும் கல்லூரிக்கு வராத பிள்ளை யார் என்று பள்ளிப் பட்டியலை வைத்துத் தேட, ‘உயர்வுக்குப் படி’ என்று ஒரு முயற்சி 2023இல் வந்தது. நல்ல முயற்சி. பெயர் பெயராகத் தேடினார்கள், அழைத்தார்கள், வழி காட்டினார்கள். சேருவதற்கு முன் இப்படித் தேடுகிறவர்கள், சேர்ந்த பிறகு காணாமற்போன பிள்ளையையும் அதே முனைப்போடு தேட வேண்டாமா?

தேட வேண்டியவர் யார்? முதல்வரா? பேராசிரியரா? அமைச்சரா? கல்லூரிக்குள்ளே போய்ப் பாருங்கள். அலுவலகத்தின் ஒரு மூலையிலே ஒரு மேசை இருக்கும். அதன் மேல் ஒரு கணினி, கயிறு கட்டிய கோப்புகள், ஓரம் மடிந்த சான்றிதழ் நகல்கள். ‘ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்’ என்பார்கள். அந்த மேசைக்குப் பின்னே ஒரு எழுத்தர். எதிரே வரிசை. நாம் எந்த ஒரு கல்லூரியையும் சுட்டிச் சொல்லவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் இந்த மேசையின் ஜாடை ஒன்றாகத்தான் இருக்கிறது. டில்லியிலே கையெழுத்தான கோடியும், சென்னையிலே மேடையேறி அறிவித்த கோடியும், கடைசியிலே இந்த ஒரு மேசை வழியாகத்தான் மாணவன் கைக்கு வர வேண்டும். அணையிலே தண்ணீர் நிறைந்திருக்கிறது. மடை ஒரு முழம் அகலம்! அமராவதிப் பாசனத்திலே கடைமடையிலே நிலம் வைத்திருக்கும் விவசாயியைக் கேளுங்கள், இதன் பொருளை அவர் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார்.

அந்த மடையைத் திறக்க என்னென்ன வேண்டும்? சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி என்றால் அதற்கொரு சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு. இ-சேவை மையத்திலே விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வட்டாட்சியர் கையொப்பம். குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு என்று ஆனைமலைத் தொடரிலே இருக்கும் குடியிருப்புகளிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு, ஒரு காகிதத்துக்காக மலையேறி இறங்குவது ஒரு முழு நாள் வேலை. அன்றைக்கு வகுப்பு போயிற்று. தகப்பன் கூட வந்தால் அன்றைய கூலியும் போயிற்று.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் தோழர்கள் பலருக்கும் தெரியாதது. பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்றால், பாஸ்புத்தகத்திலே எழுதிக் கொடுத்த கணக்குக்கு வரும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஆதார் எண் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ, அந்தக் கணக்குக்குத்தான் போகும். பள்ளியிலே படிக்கும்போது தொடங்கிய பழைய கணக்கு ஒன்று, கல்லூரிக்கு வந்ததும் தொடங்கிய புதிய கணக்கு ஒன்று. மாணவி புதிய கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். பணம் பழைய கணக்கிலே கிடக்கிறது, அல்லது அந்தக் கணக்கு உறங்கிப் போனதால் வந்த வழியே திரும்பிவிடுகிறது. “எல்லாருக்கும் வந்திருச்சு, எனக்கு மட்டும் வரலை” என்று அழுகிற பெண்ணைப் பார்த்திருக்கிறோம். அவள் செய்த குற்றம் என்ன? ஒரு வங்கிக்குப் போய் ஒரு படிவத்திலே கையெழுத்துப் போடாத குற்றம். அதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் ஒரு மணி நேரத்திலே தீர்ந்திருக்கும். ஆள் இல்லாததால் ஒரு பருவம் கழிந்தது.

உதவித் தொகை நின்றால் படிப்பு நிற்கும் என்பதற்குச் சாதாரண மாணவனைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டுமா? அண்ணல் அம்பேத்கரையே அழைப்போம். 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித் தொகையால் அவர் நியூயார்க்கிலே கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916இல் இலண்டனுக்குப் படிக்கப் போனார். 1917இல் உதவித் தொகைக் காலம் முடிந்தது. முடிந்தது என்றால் என்ன? அறிவு முடிந்ததா? ஆர்வம் முடிந்ததா? பணம் முடிந்தது! படிப்பை நடுவிலே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். பம்பாயிலே சிடன்ஹாம் கல்லூரியிலே பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தையும், கோலாப்பூர் சாகு மகராசர் உதவியையும், ஒரு பார்சி நண்பர் தந்த கடனையும் வைத்துக்கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் போனார். 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த கை, உதவித் தொகை தீர்ந்ததால் மூன்று ஆண்டுக் காலம் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வெளியே நின்றது. அந்த அனுபவம் அவர் நெஞ்சிலே எரிந்துகொண்டேதான் இருந்திருக்க வேண்டும். வைசிராய் நிர்வாக சபையிலே அவர் உறுப்பினராக இருந்த காலத்திலேதான், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மெட்ரிக்கிற்குப் பிந்தைய கல்வி உதவித் தொகை பிறந்தது. இன்றைக்கு அந்த மேசையின் மேல் கயிறு கட்டிக் கிடக்கும் கோப்புக்குப் பாட்டன் அதுதான்.

அம்பேத்கருக்கு ஒரு சாகு மகராசர் கிடைத்தார். திருப்பூர் பஸ்ஸிலே போகிற தம்பிக்கு யார் கிடைத்தார்?

டில்லி இந்தத் திட்டத்தை நடத்திய இலட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய்தான் மைய அரசின் பங்காக வந்தது. சுமையெல்லாம் மாநிலங்களின் தலையிலே. நாடெங்கும் குரல் எழுந்த பிறகு, 2020 டிசம்பரிலே மைய அமைச்சரவை கூடி, மையத்துக்கு 60, மாநிலத்துக்கு 40 என்று பங்கு வகுத்து, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி என்று அறிவித்தது. வரவேற்போம். ஆனால் வருமான வரம்பு? 2013இல் வகுத்த 2.5 இலட்சம், 2021இல் புதிய விதிகள் எழுதியபோதும் அதே 2.5 இலட்சமாகவே நின்றது.

2.5 இலட்சம் என்றால் மாதத்துக்கு 20,833 ரூபாய். புருசன் ஒரு மில்லிலே, பெண்சாதி ஒரு பனியன் கம்பெனியிலே — இருவர் உழைப்பும் சேர்ந்தால் காகிதத்திலே அவர்கள் ஏழைகள் அல்லர்! வாடகை வீட்டிலே, வாரக் கடனிலே, வட்டியிலே உழல்கிற அந்தக் குடும்பம், டில்லியின் கணக்கிலே வசதி படைத்த குடும்பம். இதே டில்லிதான் 2019 ஜனவரியிலே, உயர்சாதியாரிலே நலிந்தவர் என்று ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்து, 103ஆவது சட்டத் திருத்தம் கொண்டுவந்து, அவர்களுக்கு வருமான வரம்பை ஆண்டுக்கு 8 இலட்சம் என்று வைத்தது. 8 இலட்சம் சம்பாதிக்கிறவர் ஏழை. 3 இலட்சம் சம்பாதிக்கிற சக்கிலியர் மகன் பணக்காரன்! எந்தப் பள்ளியிலே படித்த கணக்கு இது? நாம் பள்ளிக்கூடத்தோடு நின்றவர்கள், நமக்கு விளங்கவில்லை. மெத்தப் படித்த மேதாவிகள் விளக்கட்டும்.

இனி, கல்லூரிக்குள்ளேயே நடக்கும் ஒரு விந்தை. இரண்டு ஏடுகள் இருக்கின்றன. ஒன்று வருகைப் பதிவேடு. அது துறைத் தலைவர் அறையிலே இருக்கிறது. இன்னொன்று உதவித் தொகைப் பட்டியல். அது அலுவலக மேசையிலே இருக்கிறது. யாருக்குப் பணம் வரவில்லை என்று எழுத்தருக்குத் தெரியும். யார் வகுப்புக்கு வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். இரண்டும் ஒரே பெயர் என்பது இருவருக்கும் தெரியாது! இந்த இரண்டு ஏடுகளும் வாரத்துக்கு ஒரு முறை ஒரே மேசையிலே விரிந்தால் போதும், போகப்போகிற பிள்ளை யார் என்று, போவதற்கு முன்பே தெரிந்துவிடும். பணம் வரவில்லை, மூன்று நாளாக வகுப்புக்கும் வரவில்லை என்றால் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு மை வைத்து, அன்றே ஒரு தொலைபேசி. “ஏங்கண்ணு, ஏன் வரலை?” என்று கேட்க ஒரு குரல்.

அது இல்லாதபோது என்ன நடக்கிறது? வீட்டிலே முடை; பையன் இராத்திரி ஷிப்டுக்குப் போகிறான்; பகலிலே வகுப்பிலே தூங்குகிறான், பிறகு வராமலே போகிறான். வருகை 75 சதவிகிதத்துக்குக் கீழே இறங்குகிறது. உடனே அவனுக்குக் கல்லூரி வழங்கும் பரிசு என்ன தெரியுமா? வருகைக் குறைவுக்கு ஒரு கட்டணம்! பணமில்லாததால் வேலைக்குப் போனான். வேலைக்குப் போனதால் வருகை குறைந்தது. வருகை குறைந்ததால் பணம் கட்டு! வறுமைக்கு அபராதம் விதிக்கும் விசித்திரத்தை என்னென்பது? விதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விதியை எடுத்து நீட்டுமுன், அவன் எங்கே போனான் என்று ஒரு தரம் கேட்டிருக்கலாமே!

கடல் கடந்து ஒரு காட்சியைப் பாருங்கள். அமெரிக்காவிலே அட்லாண்டா நகரம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர். அங்கே ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று ஒன்று. கறுப்பின மாணவரும் ஏழை மாணவரும் பெருந்தொகையாகப் படிக்கும் இடம். ஒவ்வொரு பருவத்திலும் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படுவோர் பட்டியல் ஒன்று போடுவார்கள். அந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தபோது, பலர் நன்றாகப் படிக்கிறவர்கள், பட்டத்துக்கு ஒன்றிரண்டு பருவமே மிச்சம் உள்ளவர்கள், சின்னத் தொகைக்காகப் போகிறவர்கள் என்று கண்டார்கள். 2011இலே ஒரு முறை வகுத்தார்கள். மாணவன் விண்ணப்பம் போட வேண்டாம், கையேந்த வேண்டாம். அலுவலகத்தார் தாமே அந்தப் பட்டியலைப் பார்த்து, தகுதியுள்ளவனைத் தாமே அழைத்து, பாக்கியைத் தீர்த்துவிடுவார்கள். பணத்தை எப்படிக் கையாள்வது என்று ஆலோசனையும் சொல்லுவார்கள். சராசரி 900 டாலர் அளவு. அதன் பின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உதவிகள் இப்படிப் போயின. பெரும் பணக்கார நாடு அது, அவர்களால் முடியும் என்பீர்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் டாலரை அல்ல; அழைத்தது அலுவலகம், அழைக்கப்பட்டவன் மாணவன் — அந்தத் திசையை!

நம் ஊரிலே திசை தலைகீழ். அறிவிப்புப் பலகையிலே ஒரு தாள் ஒட்டுவார்கள்: ‘தகுதியுள்ள மாணவர்கள் உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்கவும்.’ தன்மானமுள்ள பிள்ளை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வரிசையைப் பார்த்துவிட்டு, “எம்பட வறுமையை இங்க வந்து விரிச்சுக் காட்டோணுமா?” என்று திரும்பிவிடும். சுயமரியாதை பேசி வளர்ந்த இயக்கத்தாருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதிலே நமக்குப் பழைய பாடம் ஒன்றும் உண்டு. 1920இலே நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகல் உணவு போட்டார்களே, எதற்கு? பள்ளியிலே பெயர் பதிந்த பிள்ளை பசியால் ஓடிப்போகாமல் இருப்பதற்கு. பெயரைப் பதிந்துவிட்டோம், இனி உன் பாடு என்று அவர்கள் விடவில்லை. பள்ளிக்கு நூறாண்டுக்கு முன் புரிந்தது, கல்லூரிக்கு இன்னும் புரியவில்லை.

“படிக்க மனமுள்ளவன் எப்படியும் படிப்பான்” என்று ஒரு வேதாந்தம் பேசுவார்கள். பேசுகிறவரை உற்றுப் பாருங்கள். அவர் பிள்ளைக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி எதுவென்றே அவருக்குத் தெரியாது. பணம் ஒன்றே காரணம் என்று நாமும் சாதிக்கவில்லை. தமிழிலே படித்து வந்தவனை முதல் நாளே ஆங்கிலம் மிரட்டுகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்துவிடுகிறது. படித்த அண்ணன் வேலையில்லாமல் திண்ணையிலே உட்கார்ந்திருப்பதைக் கண்ட தம்பிக்கு மனம் விட்டுப் போகிறது. அத்தனையும் உண்மை. மாதம் 1,000 ரூபாய் என்பது இன்றைய கூலியிலே இரண்டு மூன்று நாள் சம்பாத்தியம். திருப்பூர் வாரக் கூலியோடு அது போட்டியிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஒரு காரணத்தை விசாரித்தால்தான் மற்றக் காரணங்கள் வெளியே வரும். பணத்துக்காக அழைத்துப் பேசும்போதுதான் அந்தப் பெண், “வீட்டிலே கல்யாணம் பேசறாங்க சார்” என்று வாய் திறப்பாள். அதனாலேதான் அந்த மேசை வெறும் பணப் பட்டுவாடா மேசை அல்ல என்கிறோம்.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளின் கதை தனி. “முதலிலே முழுப்பணம் கட்டு, உதவித் தொகை வந்தால் எடுத்துக்கொள்” என்பது சிலருடைய தர்மம். கட்ட முடியாமல் நின்றுவிட்டால், அசல் சான்றிதழைத் தர மறுப்பது அடுத்த தர்மம். தோழர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், நகல்தான் வைத்துக்கொள்ளலாம். இது தெரியாததால் எத்தனை பிள்ளைகள் வேறு கல்லூரிக்கும் போக முடியாமல், இந்தக் கல்லூரியிலும் இருக்க முடியாமல் நடுத்தெருவிலே நிற்கின்றனர்!

ஆட்சியாளரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு கல்லூரியிலும் அந்த மேசையை ஓர் அறையாக்குங்கள். ஆயிரம் மாணவருக்கு ஒரு எழுத்தர் என்பது கொடுமை. எழுத்தருக்கும் கொடுமை, மாணவருக்கும் கொடுமை. சேர்க்கை நடக்கிற வாரத்திலேயே வங்கிக்காரரும், இ-சேவைக்காரரும், வருவாய்த் துறையாரும் கல்லூரி வளாகத்திலே வந்து உட்காரட்டும். உதவித் தொகை வர வேண்டிய மாணவனிடம் தேர்வுக் கட்டணத்துக்காகக் கழுத்தைப் பிடிக்காமல், வந்ததும் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யுங்கள். முதல்வர் கையிலே ஒரு சிறு அவசர நிதி இருக்கட்டும். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியிலே ஐம்பது பேருக்கு ஆளுக்கு 2,000 என்றால் ஆண்டுக்கு ஒரு இலட்சம். நம் வட்டாரத்திலே ஒரு கல்யாண மண்டபத்திலே ஒரு வேளைப் பந்தியிலே வீணாகும் சோற்றின் விலை!

கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? நம் பக்கம் திரும்பி ஒரு சொல், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றியச் செயலாளர் பிறந்தநாளுக்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றி நம் தோழர்கள் கட்டிய பிளக்ஸ்களை எண்ணிப் பார்த்தோம். அண்ணன் சிரிக்கிறார், அண்ணன் கை கூப்புகிறார், அண்ணன் நடந்து வருகிறார். அந்தச் சிரிப்புக்கும் கும்பிடுக்கும் நடைக்கும் ஆன செலவிலே, எத்தனை பிள்ளைகளின் பரீட்சைப் பணம் அடங்கியிருக்கும்! அண்ணனே இதைப் படித்தால் நம்மோடு சண்டைக்கு வரமாட்டார். “அட, எனக்குத் தோணலையே” என்பார். அவர் மனம் நமக்குத் தெரியும்.

ஆகவே, கிளைக் கழகத் தோழர்களே, ஒரு சின்ன வேலை. உங்கள் ஊரிலே இந்த ஆண்டு கல்லூரியிலே சேர்ந்த பிள்ளைகள் யார் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலே எழுதுங்கள். கட்சி பார்க்காதீர்கள், சாதி பார்க்காதீர்கள். மாற்றுக் கட்சிக்காரர் மகளையும் எழுதுங்கள். எதிரே நான்கு கட்டங்கள்: சாதிச் சான்று உண்டா, வருமானச் சான்று உண்டா, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது, பணம் வந்ததா. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் பிரியுங்கள். மில் தொழிலாளத் தோழர்கள் ஷிப்டு முடிந்து வருகிற நேரத்துக்கு இ-சேவை மையம் மூடிவிடும் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்குப் பதிலாக ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் போகட்டும். குடிமங்கலத்திலே ஒருவர், மடத்துக்குளத்திலே ஒருவர், தளியிலே ஒருவர் என்று வட்டாரத்துக்கு ஓர் ஆள் போதும். படிவம் நிரப்பத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளையே துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நம்மைவிடக் கணினி நன்றாகத் தெரியும்.

பேருந்து நிலையத்திலே கண்ட அந்தத் தம்பியை மறுபடியும் பார்த்தோம். மீண்டும் சேர முடியுமா என்று கேட்டு, கல்லூரிக்கு அவனோடு போய் வரத் தோழர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். “கம்பெனியில ஒரு நாள் லீவு சொல்லிட்டு வர்றனுங்கண்ணா” என்றான். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எலையமுத்தூர் பிரிவிலே நிற்கிறோம். அவன் வேலை முடிந்ததும், அந்த மேசைக்கு முன்னே நின்று நாம் கேட்கப் போவது இன்னும் ஒன்று உண்டு: “ஐயா, இந்த மாதம் வராமல் போனவர்கள் பட்டியல் இருந்தால் கொடுங்கள். வீடு தேடி நாங்கள் போகிறோம்.”